ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபாலசாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழில் முனைவரும் பொறியியல் புத்தாக்குநரும் கொடையாளரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி எதுவும் பெறாத இவர், இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்தும் மீண்டும் பூட்டியும் தாமாகவே தொழில் கற்றவர். பேருந்துப் போக்குவரத்து, மின்விசைப்பொறி (மோட்டார்) உற்பத்தி, வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள், வேளாண்மை ஆய்வு, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டார். இந்தியாவின் எடிசன் என்றும் அதிசய மனிதர் என்றும் இவரைக் குறிப்பிடுவது உண்டு.

இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் மின்விசைப்பொறி 1937ஆம் ஆண்டில் இவருடைய முயற்சியில் பீளமேட்டில் வெளிவந்தது. கோயம்புத்தூரின் மின்விசைப்பொறி, நீரேற்றித் தொழில்களின் வளர்ச்சிக்கு இது ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. இவர் உருவாக்கிய கருவிகளில் பல, உரிமம் கிடைக்காமையாலோ ஆதரவு இல்லாமையாலோ சந்தைக்கு வராமலே நின்றுபோயின. ஆகவே இவருடைய வரலாறு, ஒரு தனிமனிதரின் ஆற்றலைக் கூறும் வரலாறாக மட்டுமன்றி, அந்த ஆற்றலை அக்காலச் சூழல் எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்பதைக் காட்டும் வரலாறாகவும் உள்ளது.

இளமை

நாயுடு கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் தெலுங்கு பேசும் வேளாண்குடும்பத்தில் பிறந்தார். தந்தையின் பெயர் கோபாலசாமி நாயுடு. பள்ளிக்கூடத்தில் அமர்ந்து பாடம் கேட்பதில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. கல்வி தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. எனினும் வாசிப்பில் ஆர்வம் கொண்டிருந்தார். பிற்காலத்தில் வேண்டிய தொழில்நுட்பச் செய்திகளைத் தாமே படித்தும், பட்டறைகளில் வேலை செய்வோரிடம் கேட்டும் அறிந்துகொண்டார்.

இளமையில் ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வகை விசையுந்தை (மோட்டார் சைக்கிள்) இவர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி அக்காலக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அரிய காட்சியாக இருந்தது. அந்த வண்டியைத் தாமே வாங்க வேண்டும் என்று உறுதி கொண்ட நாயுடு, ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துச் சில நூறு ரூபாய் சேர்த்தபின், அதே அதிகாரியைத் தேடிச் சென்று வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதோடு அவர் நிற்கவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றும் எதற்காக உள்ளது என்பதைப் பார்த்து, மீண்டும் பூட்டினார். இவருடைய தொழில் வாழ்க்கை முழுவதற்கும் இதுவே அடித்தளமாக அமைந்தது.

விசையுந்தில் கற்றவை

இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் உருவான அக்கால ரட்ஜ் வண்டியைக் கழற்றிப் பார்ப்பவருக்கு இயந்திரவியலோடு மின்னியலின் தொடக்கப் பாடமும் கிடைக்கும். அக்கால விசையுந்துகளில் பொதுவாக மின்கலம் (பேட்டரி) இருக்காது. எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை மேக்னெட்டோ என்னும் சிறு மின்னாக்கி உண்டாக்கும். நிலைக்காந்தங்களுக்கு இடையே கம்பிச்சுருள் ஒன்று எந்திரத்தின் சுழற்சியோடு சேர்ந்து சுழலும். தடித்த கம்பியாலான முதன்மைச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது, பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் திடீரென விலகி அதைத் துண்டிக்கும். அப்போது மெல்லிய கம்பியாலான துணைச் சுருளில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் தோன்றி, தீப்பொறிச் செருகியில் (ஸ்பார்க் பிளக்) பொறியாகத் தாவும். தொடுமுனைகளுக்கு இணையாகக் கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். இது இல்லையெனில் தொடுமுனைகளிலேயே பொறி எழுந்து அவை விரைவில் கருகிவிடும்.

இந்த அமைப்பு பழுதாகும் வழிகள் சிலவே. தீப்பொறிச் செருகியில் கரியோ எண்ணெயோ படிதல், தொடுமுனைகள் அழுக்கடைதல் அல்லது அவற்றின் இடைவெளி மாறுதல், மின்தேக்கி பழுதாதல், காப்புப் பொருளில் ஈரம் ஏறுதல், நாளடைவில் காந்தம் வலுவிழத்தல் ஆகியவை முதன்மையானவை. எந்திரம் இயங்காதபோது பெட்ரோல் வரவில்லையா, பொறி எழவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். செருகியைக் கழற்றி, அதன் உலோக உடலை எந்திரத்தின் உலோகப் பகுதியில் படும்படி வைத்து, எந்திரத்தைச் சுழற்றினால் பொறி கண்ணுக்குத் தெரியும். நீலநிறத்தில் வலுவான பொறி எழுந்தால் மின் பகுதி நலமாக உள்ளது எனக் கொள்ளலாம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இச்சோதனையைச் செய்தல் ஆகாது.

பருத்தி வணிகமும் வீழ்ச்சியும்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல விலை இருந்தது. நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய்க்குச் சென்று அங்குள்ள பருத்திச் சந்தையில் ஈடுபட்டார். அங்கு ஈட்டிய பொருளை இழந்து ஊர் திரும்பினார். இத்தோல்விக்குப் பின் வணிக ஊகத்தை விட்டுவிட்டு, தாம் நன்கு அறிந்த இயந்திரத் தொழிலுக்கே திரும்பினார்.

பேருந்துப் போக்குவரத்து

கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் நாயுடுவின் ஆர்வத்தை அறிந்து உதவினார். அவரது உதவியால் நாயுடு 1920ஆம் ஆண்டு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். ஓட்டுநர், பழுதுபார்ப்பவர், உரிமையாளர் ஆகிய மூன்று பணிகளையும் ஒருவரே செய்த காலம் அது.

இத்தொழில் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு. எம். எஸ்.) என்னும் நிறுவனமாயிற்று. சில ஆண்டுகளில் நாட்டின் மிகத் திறமையான பயணிகள் போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக அது பெயர் பெற்றது. குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டும் என்பதில் நாயுடு கண்டிப்பாக இருந்தார். பயணச்சீட்டு வழங்கும் இயந்திரம், எந்திரத்தின் அதிர்வைச் சோதிக்கும் கருவி முதலியன இக்காலத்தில் இவர் உருவாக்கியவையாகக் குறிப்பிடப்படுகின்றன.

பேருந்துத் தொழிலில் பழுதுநீக்கம் தலையாய பணியாகும். வழியில் நின்றுவிட்ட வண்டி ஒவ்வொன்றும் வருவாய் இழப்பாகும். உதிரி உறுப்புகள் பெரும்பாலும் கப்பல் வழியே வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தமையால், உறுப்பு வந்து சேரும்வரை வண்டியை நிறுத்திவைப்பது கட்டுப்படியாகாது. எனவே பழுதின் உண்மையான காரணத்தைக் கண்டறிவதும், இயன்ற உறுப்புகளை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்வதும் தேவையாயின. பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து உற்பத்தித் தொழிலுக்குச் செல்லும் பாதையை இத்தேவையே திறந்தது எனலாம்.

பழைய ஊர்திகளின் மின்கோளாறுகள்

நாயுடு பழகிய தலைமுறைப் பேருந்துகளில் இருந்த மின் அமைப்பு, பின்னர் வந்த பழைய வகை டிராக்டர்கள், தோட்டங்களில் பயன்படும் சிறு டிராக்டர்கள் ஆகியவற்றிலும் அடிப்படையில் மாறாமல் நீடித்தது. மின்கலம், எந்திரத்தைச் சுழற்றித் தொடங்கும் மோட்டார் (செல்ஃப் மோட்டார்), மின்னூட்டம் தரும் டைனமோ, மின்கலத்திலிருந்து டைனமோவுக்கு மின்னோட்டம் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கட்-அவுட், விளக்குகள், ஒலிப்பான் ஆகியன இதன் உறுப்புகள். பெட்ரோலில் இயங்குபவற்றில் இவற்றோடு பற்றவைப்புச் சுருளும் (காயில்), தொடுமுனைகளும், மின்தேக்கியும் இருக்கும். டீசல் எந்திரத்தில் காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதாலேயே எரிபொருள் தீப்பற்றும். ஆகவே அதற்குத் தீப்பொறி தேவையில்லை. இந்தியாவின் டிராக்டர்களும் பவர் டில்லர்களும் பெரும்பாலும் டீசலில் இயங்குவன என்பதால், அவற்றின் மின்கோளாறுகள் தொடக்கம், மின்னூட்டம், விளக்கு ஆகிய மூன்று சுற்றுகளுக்குள் அடங்கும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரம் போன்ற கடலோர நெல்வயல் பகுதிகளில் உப்புக் காற்றும் சேற்று ஈரமும் இணைப்புகளை விரைவில் அரிக்கின்றன. மின்கல முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ படியும் பொருளே பல கோளாறுகளுக்குக் காரணம். இதனை எளிய கணக்கால் விளக்கலாம். அரிக்கப்பட்ட ஓர் இணைப்பின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். 2 ஆம்பியர் எடுக்கும் விளக்குக்கு அதில் 0.04 வோல்ட் மட்டுமே இழப்பாகும். விளக்கு நன்றாகவே எரியும். ஆனால் தொடக்க மோட்டார் 100 ஆம்பியர் எடுக்கும்போது அதே இணைப்பில் 2 வோல்ட் இழப்பாகிவிடும். மோட்டார் மெதுவாகச் சுழலும் அல்லது சுழலாமல் நிற்கும். விளக்கு எரிவதால் மின்கலமும் இணைப்பும் நலம் என்று முடிவு செய்து, நல்ல மோட்டாரைக் கழற்றுவது பலரும் செய்யும் பிழையாகும்.

கோளாற்றைத் தேடுவதற்கு ஏற்ற வரிசை வருமாறு. முதலில் மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முழுமையாக மின்னேறிய 12 வோல்ட் ஈயமின்கலம் ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அடுத்து முனைகளையும், உலோகச் சட்டத்தோடு இணையும் எர்த் கம்பியையும் தூய்மை செய்து இறுக்க வேண்டும். பிறகு உருகியையும் (ஃபியூஸ்) சாவி விசையையும் பார்க்க வேண்டும். கிளச்சை அழுத்தினால் மட்டுமே தொடங்கும்படி காப்பு விசை உள்ள வண்டிகளில், அவ்விசையில் கோளாறு இருந்தாலும் வண்டி தொடங்காது. இவையெல்லாம் சரியாக இருந்தும் இயங்காதபோதுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். எந்திரம் ஓடும்போது மின்கல முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருந்தால் மின்னூட்டம் நடைபெறுகிறது எனலாம். ஓய்வில் இருந்த அளவே அப்போதும் இருந்தால், டைனமோவின் வார்ப்பட்டை, கரித்துண்டுகள் (கார்பன் பிரஷ்), கட்-அவுட், சீராக்கி ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்க வேண்டும்.

உருகி அடிக்கடி எரியும்போது அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டிவிடுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும். எங்கோ ஒரு கம்பியின் காப்புறை தேய்ந்து சட்டத்தைத் தொடுகிறது என்பதற்கு உருகி எரிவதே அடையாளம். அடையாளத்தை மறைத்தால் பழுது நீங்கியதாகாது.

மின்விசைப்பொறி உற்பத்தி

1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்தது. மழை குறைந்த இப்பகுதியில் ஆழ்கிணறுகளிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்தே வேளாண்மை நடந்துவந்தது. மின்சாரம் வந்ததும் நீரேற்றிகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் மின்விசைப்பொறிகள் தேவைப்பட்டன. ஆனால் அவை வெளிநாடுகளிலிருந்தே வந்தன.

இந்நிலையில் நாயுடு பீளமேட்டில் நேசனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் (நியூ) என்னும் தொழிற்சாலையை ஏற்படுத்தினார். தி. பாலசுந்தரம் நாயுடு இம்முயற்சியில் முதன்மையான பங்கு வகித்தார். 1937ஆம் ஆண்டில் இங்கிருந்து வெளிவந்த பொறியே இந்தியாவில் உருவான முதல் மின்விசைப்பொறி எனப்படுகிறது. இதன் வெற்றியால் ஊக்கம் பெற்ற பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். பஞ்சாலை இயந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யும் தொழிலில் டெக்ஸ்டூல் முன்னோடியாக விளங்கியது.

மின்விசைப்பொறி செய்வதில் பல நுணுக்கங்கள் உள்ளன. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒரே அளவில் வெட்டி அடுக்க வேண்டும். காப்புறையிட்ட செப்புக் கம்பியைக் கணக்கிட்ட சுற்றுகளாகச் சுற்ற வேண்டும். சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளி எங்கும் சமமாக இருக்க வேண்டும். பட்டறைத் தொழிலாளர்கள் இவற்றைச் செய்து பழகியதால், கோயம்புத்தூரில் இத்திறன் ஊன்றியது. பிற்காலத்தில் இந்நகரம் நீரேற்றி உற்பத்திக்கு நாடறிந்த இடமாயிற்று. தமிழகத்தின் பிற மாவட்டங்களில் கிணற்று மேட்டில் இயங்கும் பொறிகளில் கோயம்புத்தூரில் செய்தவை மிகுதியாக இடம்பெற்றன.

புத்தாக்கங்கள்

1930களில் நாயுடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணம் செய்தார். செருமனியின் தொழிற்கூடங்களை நேரில் கண்டார். ஒளிப்படக்கலையிலும் ஆர்வம் கொண்டிருந்த இவர், 1936ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். காந்தி, நேரு முதலிய இந்தியத் தலைவர்களையும் படம் எடுத்துள்ளார்.

இவருடைய புத்தாக்கங்களுள் பரவலாக அறியப்பட்டது ரேசன்ட் என்னும் மின்சவரக் கருவியாகும். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டார் இதனுள் பொருத்தப்பட்டிருந்தது. வீடுகளில் மின் இணைப்பு அரிதாக இருந்த காலத்தில், மின் இணைப்பே தேவைப்படாத சவரக் கருவி என்பது இதன் சிறப்பு. இதைத் தவிர இவர் உருவாக்கியனவாகக் கூறப்படுபவற்றுள் சில:

* மிக மெல்லிய சவர அலகுகள்
* திரைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு
* பழச்சாறு பிழியும் கருவி
* முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம்
* மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி போன்ற காற்றாடி

இந்தியத் தேர்தல் ஒன்றில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982ஆம் ஆண்டில் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் ஆகும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாக்குப்பதிவுக்கு இயந்திரம் வேண்டும் என்று நாயுடு எண்ணியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1941ஆம் ஆண்டில், ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவில் தம்மால் தர இயலும் என்று நாயுடு அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.

மலிவு விலைத் தானுந்து

1952ஆம் ஆண்டில் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் தானுந்து (கார்) ஒன்றை நாயுடு உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாயாக இருக்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அதனைத் தொழில்முறையில் உற்பத்தி செய்ய அரசு உரிமம் வழங்கவில்லை. இதனால் திட்டம் கைவிடப்பட்டது.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி பட்டியலில் உள்ள தொழில்களைத் தொடங்கவோ விரிவாக்கவோ நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. குறைந்த மூலப்பொருளையும் அந்நியச் செலாவணியையும் திட்டமிட்டுப் பகிர்ந்தளிப்பது அரசின் நோக்கமாக இருந்தது. எனினும் பெருநிறுவனப் பின்னணி இல்லாத தனி முனைவோருக்கு இம்முறை பெரும் தடையாயிற்று. பெரும்பாலான தொழில்களுக்கு இத்தகைய உரிமம் தேவையில்லை என்ற நிலை 1991ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அப்போது நாயுடு மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. உரிமம் கிடைத்திருந்தால் அந்தத் தானுந்து சந்தையில் நிலைத்திருக்குமா என்பதை இன்று உறுதியாகக் கூற முடியாது. சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

வேளாண் ஆய்வு

நாயுடு தம் பண்ணையில் பருத்தி, சோளம், பப்பாளி முதலிய பயிர்களில் ஆய்வுகள் செய்தார். பத்து அடி உயரம் வளர்ந்த பருத்திச் செடிகள் இவருடைய பண்ணையில் இருந்தன. இவற்றைக் காண அறிவியலாளர்கள் பலர் வந்தனர். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் சர் சி. வி. இராமன் நாயுடுவின் பன்முகத் திறனைப் பாராட்டியவர்களுள் ஒருவர்.

தொழிற்கல்வி

1944ஆம் ஆண்டில் நாயுடு போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வு உதவித்தொகைகள், ஊழியர் நலம், பின்தங்கிய மக்களின் நலம் ஆகியவற்றுக்காகக் கொடைகளை அறிவித்தார். அடுத்த ஆண்டு, 1945இல், இவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. பொறியியல் கல்லூரி பின்னர் இடம் மாறி, கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. கல்லூரி முதலில் இருந்த அவிநாசி சாலைப் பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே அழைக்கப்படுகிறது. அங்கு பேருந்தில் இறங்குபவர்களில் பலருக்கு அப்பெயரின் காரணம் தெரியாது.

1945ஆம் ஆண்டு தமிழகத் தொழிற்கல்வி வரலாற்றில் முக்கியமானதாகும். அதே ஆண்டில்தான் சிதம்பரத்தில், 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் கல்வி தொடங்கியது. அதற்கு முன் இம்மாகாணத்தின் மாணவர்கள் பெரும்பாலும் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியையே நம்பியிருந்தனர். கோயம்புத்தூரும் சிதம்பரமும் தலைநகருக்கு வெளியே பொறியியல் கற்கும் வாய்ப்பைத் திறந்தன.

நாயுடு தாமே தொடங்கிய கல்லூரியின் முதல்வராகவும் பணியாற்றினார். பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை என்பதும், பட்டறைப் பயிற்சியை மிகுதியாக்கினால் அதில் பாதிக் காலமே போதும் என்பதும் இவருடைய கருத்தாகும். ஆங்கிலேய அரசு இதனை ஏற்கவில்லை. நாயுடு பொறுப்பிலிருந்து விலகினார்.

இக்கருத்து வேறுபாடு இன்றும் முடிவுறாத ஒன்றாகும். பழுதான ஓர் இயந்திரத்தின் முன் நின்று காரணத்தைக் கண்டறியும் திறனை வகுப்பறை மட்டும் தராது என்பதற்கு நாயுடுவின் வாழ்க்கை சான்று. அதே வேளையில், மின்விசைப்பொறியின் சுற்றுகளைக் கணக்கிடவும், புதிய வடிவங்களை உருவாக்கவும் கணிதமும் இயற்பியலும் தேவை. பட்டறையும் வகுப்பறையும் ஒன்றையொன்று நிரப்புபவை என்று கொள்வதே பொருத்தமாகும்.

சமூகத் தொடர்புகள்

பெரியார் ஈ. வெ. இராமசாமி நாயுடுவின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள கோபால் பாக் இவருடைய பணிகளின் மையமாக இருந்தது. தொழிலாளர்களும் மாணவர்களும் பொதுமக்களும் இயந்திரங்களை நேரில் கண்டு அறிய வேண்டும் என்ற நோக்கில் தொழிற்காட்சி ஒன்றை 1967ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். ஒரு வீட்டை அடித்தளம் தொடங்கி ஒரே நாளுக்குள் கட்டி முடித்துக் காட்டியதும் இவர் செயல்களுள் ஒன்றாக நினைவுகூரப்படுகிறது.

மறைவும் நினைவும்

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி 4 அன்று காலமானார். இவருடைய மகன் ஜி. டி. கோபால் தந்தையின் பணிகளைத் தொடர்ந்தார். நாயுடு உருவாக்கிய கருவிகளும் சேகரித்த பொருள்களும் கோயம்புத்தூரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. 2015ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஜீடி கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய தானுந்துகளை அங்குக் காணலாம்.

இவரைப் பற்றித் திரைப்படப் பிரிவு உருவாக்கிய ஆவணப்படம் 66ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படத்துக்கான விருதைப் பெற்றது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் கட்டப்பட்டு 2025ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டருக்கும் சற்றே நீளமான மேம்பாலத்துக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மதிப்பீடு

நாயுடுவின் எல்லாக் கருவிகளும் இன்று பயன்பாட்டில் இல்லை. சவரக் கருவியும் மலிவு விலைத் தானுந்தும் அருங்காட்சியகப் பொருள்களாகவும் செய்திகளாகவும் மட்டுமே எஞ்சியுள்ளன. எனினும் இவர் காலத்தில் வேரூன்றிய பட்டறைத் திறன் கோயம்புத்தூர்ப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் புதியது வாங்குவதற்கு முன், அது ஏன் நின்றது என்று கேட்கும் வழக்கம் இத்திறனின் அடிப்படையாகும். விசையுந்து ஒன்றைக் கழற்றிப் பார்த்த சிற்றூர் இளைஞர் ஒருவர், மின்விசைப்பொறித் தொழிலுக்கும் பொறியியல் கல்லூரிக்கும் வித்திட்டவராக உயர்ந்தது அக்கேள்வியைக் கைவிடாததால் ஆகும்.